உ

மெர்லின் டீச்சரின் தாளில்
வரிசைக்கு வரிசை உ, உ, உ.
பிள்ளையார் சுழி என்றுதான் முதல் வாரம் நினைத்தேன்.
நாசரேத்துக்காரப் பிள்ளை, கழுத்தில் சிலுவை,
இம்புட்டுப் பிள்ளையார் எதுக்கு என்று
கேட்டேவிட்டேன்.
சிரித்து அடங்கிச் சொன்னாள்:
"உதவியோட செஞ்சான்னா உ, அக்கா.
தானாச் செஞ்சான்னா ஒரு கூட்டல்."

கூட்டலே இல்லை தாளில்.

முக்கூடலில் எட்டேகால் பஸ்.
ஜன்னலோரம் கிடைக்காவிட்டால்
பேட்டை தாண்டும்வரை அழுவான்.
முதல் மாதம் ஏசின கண்டக்டர்
ரெண்டாம் மாதம் ஜன்னல் சீட்டில்
துண்டைப் போட்டு வைத்தார்.
பாளையங்கோட்டையில் மருந்துக்கடை மாடி,
பச்சைப் பாய், நாற்பது நிமிஷம்.
என் தளவாய் கிஷோருக்கு
(குலசாமி பாதி, சின்ன மாமன் ஆசை பாதி)
அப்போது மூணு வயசு நாலு மாசம்.

கை கழுவுவதை ஏழாய் உடைத்தாள் டீச்சர்.
குழாயைத் திற. கையை நனை. சோப்பை எடு.
பின்னாலிருந்து அவன் முழங்கையைத் தொட்டுத் தள்ளி,
அடுத்த மாதம் தொடாமல்
விரலை மட்டும் நீட்டிக் காட்டி.
அன்றைக்கு ராத்திரி எனக்குப் பீடி ஓடவில்லை.
இலையை எடுப்பது ஒண்ணு, தூளை வைப்பது ரெண்டு,
உருட்டுவது, மடக்குவது, நூலைச் சுற்றுவது
என்று எண்ணப்போய்க் கை குழம்பி
நாற்பது கட்டுக்கு முப்பத்தொண்ணுதான் தேறியது.
அதிலும் ரெண்டைக் கழித்துப்போட்டார் கடைக்காரர்.

ஊரில் சொன்னது வேறு.
"போனக் குடுத்தே கெடுத்துட்டா."
"நாக்குல வசம்பு தேச்சியாட்டி?"
"பெத்தவ மூஞ்சியவே பாக்கமாட்டேங்கானே."
கடைசியில் சொன்னது மட்டும் மெய்.
நான் தூக்கினால் வில்லாய் விறைப்பான்.
திருப்பூரிலிருந்து மாசத்துக்கொருக்க வரும்
அவன் அப்பா தூக்கினால்
பல்லியாய் ஒட்டிக்கொள்வான்.
இதை டீச்சரிடம் சொல்ல
எனக்கு ஆறு மாசம் ஆனது.

ஒரு நோட்டுத் தந்தாள், பக்கத்துக்கு மூணு கட்டம்.
முன்னால் என்ன, அவன் செய்தது என்ன, பின்னால் என்ன.
"நல்லது கெட்டதுன்னு எழுதாண்டாம்க்கா.
பாத்தத மட்டும் எழுதுங்க."

சோறு ஊட்டப் போனேன். திருப்பிக்கொண்டான். தட்டு கொட்டியது.
மூக்கைத் துடைக்கப் போனேன். கடித்தான். அடித்தேன்.
(அடித்தேன் என்பதையும் எழுதினேன்.)
குளிப்பாட்டித் தலை துவட்டினேன். சாய்ந்து நின்றான்.
சட்டைப் பித்தான் மாட்டப் போனேன். அலறினான்.
ஒன்றும் விளங்கவில்லை.
முதல் கட்டம் முழுக்க என் கை, என் கை.

பதிமூணாம் நாள் சாயங்காலம்
மடியிலிருந்து பீடித்தட்டை இறக்கி,
கையைத் தண்ணீரில் அலசி,
அவன் வாயோரத்துப் பருக்கையை எடுக்கப் போனேன்.
மணிக்கட்டைப் பிடித்தான்.
என் விரலை மோந்தான்.
முகம் சுளித்து,
"ஆண்டாம்" என்றான்.

மூணே முக்கால் வருஷத்தில் முதல் சொல்.
"அம்மான்னு வந்திருக்கலாம்" என்று
எதிர்வீட்டுச் செண்பகவல்லி வருத்தப்பட்டாள்.
எனக்கு அப்படித் தோணவில்லை.
நான் இல்லை, தூள்.
இத்தனை நாளும் புகையிலைத் தூள்.

எழுந்து குழாயடிக்குப் போனேன்.
பின்னாலேயே வந்தான்.
குழாயைத் திறந்தது அவன்.
நனைத்தேன். சோப்பை எடுத்தேன். தேய்த்தேன்.
நகக்கண்ணில் கறை அப்படியே நின்றது.
ஏழும் முடித்துக் கையை நீட்டினேன்.
மோந்தான், யோசித்தான்,
மறுபடி குழாயைத் திறந்துவிட்டான்.

நோட்டை எடுத்தேன்.
செய்தது நான், உதவி அவன்;
இதற்கு எந்தக் கட்டம் என்று தெரியாமல்
ஓரத்தில் ஒரு உ போட்டு வைத்தேன்.
டீச்சர் சிரிப்பாள்.

நாளைக்கும் ஆயிரம் சுற்றணும்.
சோப்பு தீர்ந்துவிட்டது, அதுவும் வாங்கணும்.