ஐந்தாவது மெசின்

"மற்ற நாலும் திறக்குது,
இது மட்டும் ஏலாதெண்டு நிக்குது"
என்றார் சேவையர் நவரத்தினராசா தொலைபேசியில்,
பள்ளிக்கூடத்தில் முறைப்பாடு வைப்பவர்போல.

ஸ்ரான்லி வீதியில் மாரி மழை.
ஹெல்மெற்றைப் படியில் கவிழ்த்துவிட்டு
வயரைத்தான் முதலில் பார்த்தேன்.
எலி கடிக்கவில்லை. பச்சை லைற் சிமிட்டுகிறது.
பிங் அடித்தேன்:
அலுமாரிக்குப் பின்னாலிருந்து சேவர்
ஒரு மில்லி செக்கனில் ஓம் என்றது.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அதற்கும் ஓம்.
கோப்புறையைத் தொட்டால் மட்டும்
ஆர் நீ என்கிறது.

அதே கடவுச்சொல்லோடு
பக்கத்து மெசினில் பிரதாயினி இருந்தாள்.
திறந்தது.
"அப்ப பிழை என்னில இல்லை."

வைரஸ்கார்டை நிறுத்தினேன்,
இசட் டிரைவை அழித்துத் திரும்பக் கட்டினேன்,
ஒன்றுக்கும் அசையவில்லை.
சேவையர் இரண்டு தரம் வந்து பின்னால் நின்றுவிட்டுப் போனார்.
காரைநகரில் ஒரு வேலிப் பிணக்கு,
பதினொன்றுக்கு வழக்கு,
இந்த மெசினில் வைத்து வரைந்த படம் உள்ளே.

பிறகுதான் கண் கீழே இறங்கியது,
திரையின் வலது மூலைக்கு,
ஒருவரும் பார்க்காத இடத்துக்கு.
தை ஒன்று,
இரண்டாயிரத்து ஒன்பது.

ஐந்து நிமிசம் பிசகினால் சேவர் பொறுக்கும்.
பதினாறு வருசம் பிந்தி வருகிறவரின் சீட்டை
அது என்னவென்று வாசிக்கும்?

"பற்றரி செத்திட்டுது.
மூண்டு நாள் லீவுக்கு மெயினை நிப்பாட்டினனீங்கள்,
இது தன்ரை பாட்டில
கொம்பனி போட்ட திகதிக்குப் போயிட்டுது."

பிரதாயினி குனிந்து பார்த்தாள்.
"அண்டைக்கு நாங்கள் தருமபுரத்தில.
ட்ரக்ரர் பெட்டிக்குக் கீழ."
பிறகு உடனே,
"ஐயோ, காலமை ரெண்டு லெற்றர் அடிச்சனான்,
அதிலயும் இந்தத் திகதிதான் விழுந்திருக்குமோ?"

விழுந்திருந்தது.

கஸ்தூரியார் வீதி மணிக்கூட்டுக் கடையில்
ஐந்து ரூபாக் குற்றியிலும் சின்ன வட்டம்,
இருநூற்றைம்பது.
நனைந்து திரும்பி வந்து, பெட்டியைக் கழற்றி, தூசி ஊதி,
பழையதை நகத்தால் நெம்பினேன்.

வருசத்தை ஏற்ற
பிளஸ் பொத்தானை அவள்தான் அமத்தினாள்.
ஒன்பது. பத்து.
பதினொன்றில் கை கொஞ்சம் நின்றது,
ஏனென்று நான் கேட்கவில்லை.
மிச்சத்தை மளமளவென்று அமத்தி
இருபத்துநாலுக்கு வந்தாள்.

திறந்தது.
அல்லைப்பிட்டி, காரைநகர், வட்டு மேற்கு,
ஊர்கள் மஞ்சள் மஞ்சளாய் வரிசையில்.
சூடு ஆறாத தாளைச் சேட்டுக்குள் சொருகிக்கொண்டு
குடையை மறந்து ஓடினார் சேவையர்.

பில் எழுதக் குந்தினேன்.
பற்றரி ஒன்று, இருநூற்றைம்பது.
அடுத்த வரியில்
நேரம் திருத்தியது என்று தொடங்கி, வெட்டி,
சேர்விஸ் என்று போட்டேன்.

அவள் அந்த இரண்டு லெற்றரையும்
திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள்.