எட்டு

புதன்கிழமை மூன்றரைக்கு
பதினான்காம் அறையில் ஆறு பேர் உட்காருவோம்.
ஜன்னலுக்கு வெளியே கிளைபெடா துறைமுகத்தின் கிரேன்கள்
மழையில் யாரையோ தேடுவதுபோல் கழுத்தைத் திருப்பும்.

நான் ஸ்மில்டேயின் பல்லை உடைத்தவள்.
யோரிஸ் பள்ளியின் தீ மணியை மூன்று முறை அடித்தவன்,
பிறகு தம்பியை.
மற்றவர்கள் செய்ததைச் சொல்ல மாட்டேன். அது விதி.

கோபம் மூக்கு நுனியில் என்பார்கள்.
எனக்கு அது முழங்கையில் தொடங்கும்,
குலுக்கிய சோடா பாட்டில் மாதிரி.
அதற்கு எண் கொடுக்கச் சொன்னாள் இங்கிரிடா,
பூஜ்யத்திலிருந்து பத்துவரை.
வந்தவுடன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.
"எனக்குப் பதினேழு" என்றான் யோரிஸ்.
நான் நான்கு வாரமும் "மூன்று" என்றே சொன்னேன்,
வருகைப்பதிவுக்காக.

ஐந்தாம் வாரம் பிரிண்டர் தாளை மென்றபடி நின்றுபோனது.
இங்கிரிடா மூடியைத் திறந்தாள், மூடினாள்.
திறந்தாள். மூடினாள்.
பிறகு எட்டி ஓர் உதை.

மழைச் சத்தம் மட்டும்.
பெரியவர்கள் ஒன்றை உடைத்தால் அடுத்து என்ன வரும் என்று
எங்கள் ஆறு பேருக்கும் தெரியும்.
நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து
கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன்.

அவள் தரையில் உட்கார்ந்தாள்.
ஷூவைக் கழற்றி, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு
"எட்டு" என்றாள்.
வெகுநேரம் கழித்து, "ஏழு."
யாரும் சிரிக்கவில்லை.
ஐந்து வருவதற்குக் காத்திருந்தோம்.
ஐந்து வர எவ்வளவு நேரம் ஆகிறது!
அதற்குள் யோரிஸ் எழுந்து போய்
பிரிண்டரின் வயிற்றுக்குள் கையை விட்டு
கசங்கிய தாளைக் கிழியாமல் உருவினான்.
உருவிய பின் தாளைப் பார்க்கவில்லை,
தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நேற்று பஸ்ஸில் ஒருத்தி
என் பையை மிதித்துவிட்டு என்னையே முறைத்தாள்.
"ஆறு" என்றேன், சத்தமாக.
"என்ன ஆறு?"
மூன்று நிறுத்தம் முன்பே இறங்கிவிட்டேன்.
கடற்காற்று காதைக் கடித்தது.
மீன் கிடங்கு தாண்டும்போது நான்கு,
கை மட்டும் கோட்டுப் பைக்குள் இன்னும் முஷ்டியாக.

திருந்திவிட்டாள் என்று எழுதிவிடாதீர்கள்.
ஸ்மில்டே இப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள்.
திங்கட்கிழமை அவளுடைய ரப்பர் உருண்டு
என் காலடிக்கு வந்தது.
எடுத்து நீட்டினேன்.
வாங்குவதற்கு முன்
என் முழங்கையைப் பார்த்தாள்.