முயல்கூண்டுக்குப் போன இரண்டு பலகைகள்

கடலணையில் ஒரு வண்டி நுழையும் இடைவெளி,
அதுதான் என் பொறுப்பு.
நீர் ஏறினால் அடைக்கப் பதினான்கு ஓக் பலகைகள்,
ஒவ்வொன்றிலும் தாரில் ஓர் எண்.
மேலிரண்டும் என் காலத்தில் ஒருமுறையும் தேவைப்பட்டதில்லை.
நவம்பரிலேயே அவற்றை என் முயல்கூண்டுக்குத் தரையாக்கிவிட்டேன்.
யார் எண்ணப்போகிறார்கள்?

பிப்ரவரி. சனி இரவு ஞாயிறாகும் நேரம்.
வடமேற்குக் காற்று ஓடுகளைப் பிடுங்கி எறிந்தது.
பன்னிரண்டு பலகைகளைச் செருகினேன்.
மிச்ச உயரத்துக்குச் சாக்கில் சாணமும் வைக்கோலும்.
கடல் அவற்றைக் கவனிக்கக்கூட இல்லை.

விடிந்தபோது ஸீலாந்தின் எங்கள் மூலையில்
கோபுரமும் பாப்லர் நுனிகளும்தான் தெரிந்தன.
பதினேழு பேர்.
தான்னெட்யெயின் மகள் யோபினா, நாலு வயது,
அவளும் அந்தப் பதினேழில்.
என் முயல்கூண்டு மிதந்துபோய்
ஒரு பேரி மரத்தில் சிக்கி நின்றது.
உள்ளே எட்டு முயல்கள், நனையாமல், வாயசைத்தபடி.
தெரிந்துகொள்ளப்பட்டவை.

இரவல் கொட்டகையில் போதகர் மெல்ஸே பிரசங்கித்தார்.
மூன்று தலைப்பு, தலைப்புக்கு ஒரு பெப்பர்மின்ட்.
முதலாவது கரைவதற்குள்:
காற்றும் கடலும் அவருக்குக் கீழ்ப்படிகின்றன.
இரண்டாவது:
அடைக்கலான் குருவியும் அவர் சித்தமின்றி விழாது.
மூன்றாவதை நான் வாயில் போடவில்லை.
இந்த இரவு, என்றார்,
உலகத்தோற்றத்துக்கு முன்னே எழுதப்பட்டது.
கறுப்புக் கோட்டுகள் தலையசைத்தன.
ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

மூப்பர்களிடம் போனேன். பலகைகளைச் சொன்னேன்.
"இரண்டு பலகையால் கர்த்தரின் கரத்தைத் தடுத்திருப்பாயோ, கிரைன்?
அது பெருமை."
பிறகு எனக்கு காபி ஊற்றினார்கள்.

பெருமையாம்.

ஆண்டவரே,
குயவனோடு களிமண் வழக்காடக் கூடாது, தெரியும்.
நான் கேட்பது மன்னிப்புகூட இல்லை.
முதலில் என் பாவத்தை என்னிடம் திருப்பிக் கொடும்.
கடல் உம்முடையது. காற்று உம்முடையது.
பதினேழு என்ற எண்ணும் உம்முடையதாகவே இருக்கட்டும்.
அந்த இரண்டு பலகைகள் என்னுடையவை.
நான்தான் தூக்கிப்போனேன், நான்தான் ஆணி அடித்தேன்,
அடிக்கையில் சீட்டியும் அடித்தேன்.
அதையும் உம் பெரிய கணக்கில் சேர்த்துக்கொண்டால்
எதைக் கையில் ஏந்தி உம்மிடம் வருவேன்?
கழுமரத்துக் கள்ளனுக்குக்கூடத்
தன் களவு என்னவென்று தெரியுமே.

ஆண்டுக்கு நான்கு முறை வெள்ளைத் துணி விரிப்பார்கள்.
இருநூறு பேரில் பந்திக்கு எழுபவர்கள் பதினொருவர்.
மற்றவர்கள் அடையாளத்துக்குக் காத்திருக்கிறார்கள்,
ஒரு கனவு, நள்ளிரவில் நெஞ்சில் விழும் ஒரு வசனம்.
நான் காத்திருக்கவில்லை.
கடைசி வரிசையில் உட்கார்ந்து
கூரைப் பலகைகளை எண்ணுவேன்.

ஒன்பதாம் வருடம், சிப்பி கழுவும் கொட்டகை.
தான்னெட்யெ தலை நிமிராமல் கேட்டாள்:
"உன் முயல்களுக்கு அந்தத் தரை சுகமாயிருந்ததா?"

அத்தனை நாளும் தெரிந்திருக்கிறது அவளுக்கு.

"நான்தான்" என்றேன்.
"நீதான்" என்றாள்.
கத்தி அடுத்த சிப்பிக்குப் போனது.

முழங்கால் தானாக மடங்கிற்று. ஓடுகள் குத்தின.
மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை,
இன்றுவரை சொல்லவில்லை.
ஆனால் அந்த ஈரத் தரையில்தான்
முதன்முதலாக என்னால் ஜெபிக்க முடிந்தது,
வார்த்தை இல்லாமல், மூக்கு ஒழுக.

அவள் அதைக் கேட்பாள் என்றும்
உலகத்தோற்றத்துக்கு முன்னே நீர் எழுதியிருந்தால்
ஆண்டவரே, அந்த ஒரு வரிக்கு மட்டும்
நான் வழக்காட வரமாட்டேன்.
மற்ற வரிகளுக்கு வருவேன்.

இடைவெளியை இப்போது கான்கிரீட்டால் மூடிவிட்டார்கள்.
பதினான்காம் பலகை என் கட்டிலுக்கு அடியில்.
கோடையில் தார் இளகும்.
எண் விரலில் ஒட்டும்.