ஈட்டிக்குச் சீட்டு

டவுன் பஸ்ஸில் எனக்கு இலவசம்.
ஈட்டிக்குத்தான் சீட்டு.
"என்னம்மா இது, மாங்காய் பறிக்கிற தொரட்டியா?"
என்கிறார் நடத்துநர்.
முனைக்குப் பழைய துணி சுற்றி
சீட்டுகளுக்கடியில் படுக்கப் போட்டு
காலை மடக்கி உட்கார்ந்து
கருப்பூரிலிருந்து ஐந்து ரோடு,
அங்கிருந்து இன்னொரு பஸ்,
கஞ்சமலை சன்னல் முழுக்க வரும்வரை.

பல்கலைக்கழகத்தின் புது மைதானம்
இங்கே வரலாம் என்கிறார்கள்.
வளாகத்துக்குள் இடமில்லையாம்.
இருக்கிற இடத்தில் மேலாண்மைத் துறைக்கு
நான்கு மாடி.
போன மாதம் என் ஈட்டி
வேதியியல் ஆய்வகச் சன்னலுக்கு
ஒரு முழம் தள்ளி இறங்கியதையும்
கோப்பில் சேர்த்திருக்கிறார்கள்.
சாட்சி நான்தான். குற்றவாளியும்.

என் சிறந்த எறிதல் நாற்பத்தொரு மீட்டர்.
விடுதியிலிருந்து இந்த இடம் பத்தொன்பது கிலோமீட்டர்.
நேற்று ராத்திரி கணக்குப் போட்டேன்:
நானூற்று அறுபத்து மூன்று முறை எறிந்து
ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்ப் பிடுங்கினால்
வந்துவிடலாம்.
பதினேழு மீட்டர் மிச்சம், அதை நடந்துகொள்ளலாம்.
விடுதிக் கதவு ஆறரைக்குச் சாத்துவார்கள்.
இதைச் சொல்லத்தான் வந்தேன்.
மாணவர் தரப்பு, இரண்டு நிமிடம்.

குழு காரில் வந்திருந்தது.
பொறியாளர் கனகசபாபதி வரைபடத்தைக்
காரின் மூக்கில் விரித்து
நான்கு மூலைக்கும் கல் வைத்தார்.
எட்டுத் தடம். செயற்கை இழை. ஐயாயிரம் இருக்கை.
ஐயாயிரம் பேரும் எந்த பஸ்ஸில் என்று
கேட்க வாயெடுத்தேன்.
உடற்கல்வி இயக்குநர் ஜெசிந்தா அம்மா
கண்ணாலேயே பொறு என்றார்.
பிறகு, "ஒருதரம் எறிந்து காட்டு, ரூபகலா."

மழை விட்டு மூன்று நாள். செம்மண்.
கருப்பூரில் பதினாறாவது எட்டில் சைக்கிள் ஸ்டாண்டு.
இங்கே என்னை நிறுத்த ஒன்றுமில்லை.
நன்றாகப் போகிறது என்பது
காதுக்குத்தான் முதலில் தெரியும்.
போய்,
முள்வேலி தாண்டி,
மரவள்ளிக் காட்டு ஓரம் குத்தி நின்றது.
அளக்க முடியவில்லை.
பொறியாளரின் நாடா முப்பது மீட்டர்.

கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பெருமாயி
அதையும் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.
அதே ஆட்டல், அதே இழுப்பு.
"இங்கயா கட்டறாங்க?"
"தெரியலைங்க."
"கட்டச் சொல்லு."
ஆறுக்கு மேல் இந்தப் பக்கம் பஸ் கிடையாது.
ஜவ்வரிசி ஆலைக்கு ராத்திரி முறை போகும் அவள் மகள்
சுமை ஆட்டோவில்
கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து போகிறாள்.
"காலேஜுப் புள்ளைங்க வந்தா
பஸ்ஸு விடுவாங்க. லைட்டு போடுவாங்க."

எந்த பஸ் இல்லை என்று சொல்ல வந்தேனோ
அந்த பஸ்
எனக்குப் பின்னாலேயே வருகிறது என்று
நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

என் இரண்டு நிமிடம் வந்தது.
மண் எப்படி என்றார் பதிவாளர்.
நல்ல மண் ஐயா, முனை நிற்கிறது என்றேன்.
எட்டரைக்கு ஒரு பஸ் வேண்டும்,
போட்டி இல்லாத நாளிலும்,
நாங்கள் வராத நாளிலும்.
விடுதிக் கதவு ஒன்பதரை வரை.
அவர் எழுதினார்:
போக்குவரத்து வசதி பரிசீலிக்கப்படும்.
"எட்டரை என்று எழுதுங்கள் ஐயா."
பேனாவை மூடிவிட்டிருந்தார்.
ஜெசிந்தா அம்மா தன் பேனாவை நீட்டினார்.
வாங்கினார். எழுதினாரா என்று
நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

காரில் ஏறச் சொன்னார்கள்.
ஈட்டி நுழையவில்லை.
தூசு அடங்கும்வரை நின்றேன்,
அதற்குப் பிறகும் நின்றேன்.
வந்த பஸ்ஸில் வேறொரு நடத்துநர்.
"எங்க இறங்கணும்?"
ஈட்டியைப் பார்த்துத்தான் கேட்டார்.
ஐந்து ரோடு என்றேன்.
மணி ஐந்து ஐம்பது. கடைசி பஸ்.
ஆறரைக்குள் கருப்பூர் போகாது.