துடைக்கிற பனியன்

கொட்டிவாக்கத்தில் மூன்றாவது மாடி.
ஜன்னலில் கடல் தெரியாது.
தெரியாத அந்தக் கடல்தான்
குளியலறை வென்டிலேட்டர் வழியாக
ராத்திரி முழுக்க உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

குடிவந்து மழைக்காலம்கூடத் தாண்டவில்லை,
டவல் கம்பி என் வெள்ளைத் துண்டில்
பழுப்பாக ஒரு கோடு இழுத்துக் கொடுத்தது.
சோப்பு போட்டேன். எலுமிச்சை தேய்த்தேன்.
மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் போட்டேன்.
கோடு அப்படியே இருந்தது.
துண்டு மிதியடி ஆனது.

பிளம்பர் எபனேசர் வந்தார்.
குழாயின் கழுத்தை நகத்தால் சுரண்டி,
"இது பித்தளைம்மா, ஒண்ணும் ஆவாது.
கம்பியும் ஸ்க்ரூவுந்தான் இரும்பு.
மேல பளபளன்னு பூசி ஏமாத்திட்டான்" என்றார்.
எவன் என்று நான் கேட்கவில்லை.
கீழ்வீட்டில் ஓனர் ரங்கபாஷ்யம்
டிவி சத்தத்தைக் குறைத்தது கேட்டது.
"தண்ணி ஓடினா பரவால்ல.
நின்னாத்தான் தின்னும்."
அதற்கு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து
என் உடம்புக்கு முன்னால்
குழாய்க்குத் துவட்டுகிறேன்.
தோள் கிழிந்த உன் பழைய பனியனால்
ஷவர் தலை, கைப்பிடி,
ஹெல்த் ஃபாசெட்டின் செதில் செதிலான குழல்,
குனிந்து பார்த்தால் மட்டும் சொட்டுகிற ஆங்கிள் வால்வு.
போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகத் திட்டு விழும்,
அதற்குள் துடைத்துவிட வேண்டும்.
ஈர முதுகில் நைட்டி ஒட்டிக்கொள்ளும்.
ஆசிட் விற்க வந்தவனை வாசலோடு அனுப்பிவிட்டேன்.
வெள்ளிக்கிழமை தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயில்
விரலில் மிஞ்சுவது திருகாணிகளுக்கு.

புதுக் கம்பி வாங்கப் பாரிமுனைக்குப் போனபோது
ஃப்ரிட்ஜிலிருந்து மீன் காந்தத்தை
பர்ஸில் போட்டுக்கொண்டேன்,
நீ சான்டோஸில் வாங்கிய மஞ்சள் மீன்.
"முன்னூத்தி நாலு கிரேடு மேடம், ஒரிஜினல்."
மீன் தாவிப் போய் ஒட்டிக்கொண்டது.
கடைக்காரரும் நானும் கொஞ்ச நேரம்
மீனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவர் வேறு பெட்டியைத் திறந்தார்.
இந்த முறை வழுக்கி விழுந்தது.
விலை மூன்று மடங்கு. ரசீதை வைத்திருக்கிறேன்,
காலி பண்ணும்போது அட்வான்ஸில் கைவைத்தால் காட்ட.

அன்று ராத்திரி வீடியோ காலில் வந்தாய்,
மொம்பாசாவுக்கு வெளியே நங்கூரத்தில்.
புருவம் வரை செம்பொடி.
"என்ன பண்ணே இன்னிக்கு?"
"துரு தட்டினேன். காலைல ஆறு மணிலேர்ந்து."
தட்டி, தேய்த்து, பிரைமர் அடித்து,
மேலே ரெண்டு கோட் பெயின்ட் அடித்து
கப்பலின் மூக்கிலிருந்து வால் வரை
வந்து சேர்வதற்குள்
மூக்கில் மறுபடி ஏறியிருக்குமாம்.
சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். பல்லிலும் பொடி.
"நீ என்ன பண்ணே?"
நானும் அதான், என்றேன்.
படம் உறைந்து நின்றது.
கேட்டாயோ என்னவோ.

ஜூன் கடைசியில் வந்தாய்.
குளித்துவிட்டு எல்லாவற்றையும்
சொட்டச் சொட்ட விட்டு வந்தாய்,
குழாய், கம்பி, தாழ்ப்பாள், கண்ணாடி,
ஹால் வரைக்கும் பாதங்கள்.
எட்டு மாதமாக அந்த அறையில்
ஒரு துளி தங்கவிட்டதில்லை நான்.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.
அந்த வாரம் முழுக்கத் துடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
தாழ்ப்பாள் திருகாணியின் தலையில்
மிளகளவு பழுப்பு.
சரி போதும் என்று பனியனைத் தேடினேன்.
கொடியில் இல்லை, பக்கெட்டில் இல்லை,
சிங்க்குக்கு அடியிலும் இல்லை.

பால்கனியில் நின்று
தெரியாத கடலைப் பார்த்து டீ குடித்துக்கொண்டிருந்தாய்,
தேங்காயெண்ணெய் வாசனையோடு
அதைப் போட்டுக்கொண்டு.