சக்கரத்தில் சிவப்புப் புள்ளி

தூக்க நான்கு பேர்.
பவூத்தியில் என் பட்டறைக்கு மூன்று படி இறங்க வேண்டும்.
கடைசிப் படியில் ஒருவன் கைவிட்டான்.
மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை,
படிதான் உடைந்தது.

வூச் நகரத்தில் மூடிக் கிடந்த ஒரு கோட்டு ஆலை.
கூரை போனபின் ஒன்பது குளிர்காலப் பனி
நேராக இதன் தலையில் இறங்கியிருக்கிறது.
சக்கரத்தைத் திருகினேன். அசையேன் என்றது.
இன்னும் திருகினேன். என் தோள்தான் அசைந்தது.

ட்ராம் பணிமனையில் இருபத்தோரு வருடம் பிரேக் பார்த்தவள்.
இறுகிய இரும்பிடம் கோபம் செல்லாது, தெரியும்.
ஆனாலும் முதல் நாள் நன்றாகத் திட்டினேன்.

பிறகு மண்ணெண்ணெய்.
எண்ணெய்த் துளைகள் பதினேழு, ஒவ்வொன்றிலும் சொட்டு,
தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு,
மறுபடி சொட்டு.
மாடி வீட்டு யாத்விகா எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"ராத்திரி பூரா யாருக்கு மருந்து ஊற்றுகிறாய்?"

பல்தட்டைக் கழற்றினால்
கீழே பஞ்சு, அடை அடையாய், ஆற்று வண்டல் மாதிரி.
பல் டாக்டர் தூக்கிப்போட்ட கொக்கியால் பிரித்தேன்.
மேலே கறுப்பு.
அதன்கீழ் சாம்பல், சாம்பல், சாம்பல்.
ஒரு விரற்கடைக்கு ராணுவப் பச்சை.
அதற்கும் அடியில், இழை கனத்தில்,
கோழிக்குஞ்சு மஞ்சள்.
கோட்டு ஆலையில் மஞ்சள் ஏது?
யாரோ ஒருத்தி சாப்பாட்டு வேளையில்
சூப்பர்வைசர் திரும்பி வருவதற்குள்
ஒரு குட்டிச் சட்டையை முடித்திருக்கிறாள்.

சக்கர விளிம்பில் சிவப்பாய் ஒரு புள்ளி.
துரு என்று தேய்க்கப் போனேன்.
துரு இல்லை, நகப்பூச்சு.
புள்ளி உச்சிக்கு வந்தால் ஊசி மேலே நிற்கும்,
குனிந்து பார்க்க வேண்டியதில்லை:
கழுத்து வலித்தவள் போட்ட கணக்கு.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டு சிவப்பு,
தேய்ந்ததன் மேல் வேறு பாட்டில், வேறு வருடம்.
துணியை மடித்து வைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் விடியலில் 'டக்' என்று ஒரு சத்தம்.
தண்டு ஒரு மயிரிழை நகர்ந்தது.
மத்தியானத்துக்குள் முழுச் சுற்று.

அதன்பின் மூன்று இரவு கொக்கிக்கு.
ஊசி அடிவரை போய் இரண்டு மில்லிமீட்டர் ஏறும்போது
கொக்கியின் முனை அதன் காதருகே வர வேண்டும்,
ரகசியம் சொல்ல வருகிறவளைப் போல.
முந்தினால் நூல் சிக்காது. பிந்தினாலும்.
நாலு முறை வந்தாள், சொல்லாமல் போனாள்.
ஐந்தாவதில் சொன்னாள்.

கயெத்தன் எடுத்துப்போக வந்தான்.
பியோத்ர்கோவ்ஸ்கா தெருவில் துணிக்கடை திறக்கிறான்.
"ஓடவா செய்கிறது?" என்றான்,
நாய் கடிக்குமா என்று கேட்பது போல.
"ஜன்னலில் வைக்கத்தானே கேட்டேன்.
போட்டோவில் துரு இருந்ததே, அது எங்கே?
இந்தச் சிவப்புக் கறையை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள்."

சுரண்டிய துருவை ஜாம் பாட்டிலில் வைத்திருந்தேன்.
எதற்கு வைத்தேன் என்று அதுவரை தெரியாது.
கொடுத்தேன். "தூவிக்கொள்ளுங்கள்."
புள்ளியைப் பற்றிப் பேசவில்லை.
சிரிப்பதா என்று தெரியாமல் பாட்டிலை வாங்கிக்கொண்டான்.
பில்லில் பெயிண்ட் மட்டும் எழுதினேன்,
கொக்கிக்கு எந்தத் தலைப்பில் காசு கேட்பது?

வண்டியில் ஆடாமலிருக்க
ஊசியை இறக்கி, பாதத்தின் அடியில்
ஒரு வெள்ளைத் துண்டு கொடுத்து அனுப்பினேன்.
புள்ளி கீழே, தரையைப் பார்த்தபடி.

நேற்று அந்தத் தெருவில் நடந்தேன்.
பெல்ட் இல்லை, நூல் இல்லை,
பக்கத்தில் தலையில்லாத பொம்மைக்கு விலையுயர்ந்த கோட்டு.
கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன்.
சிவப்பு உச்சியில் நிற்கிறது.
என் வெள்ளைத் துண்டு சற்று முன்னே நகர்ந்திருக்கிறது,
ஏழு துளை.