அடையாளத் தொகை

பிப்ரவரி முதல் தேதி, பகல் பன்னிரண்டு.
மஞ்சக்குப்பத்தில் என் டைப்பிங் கடைக்குள்
செருப்போடு வந்தார் கலியபெருமாள்.
டெல்லியில் உரை இன்னும் முடியவில்லை.
இவருக்குக் கோபம் வந்து முடிந்திருந்தது.

"கண்டன அறிக்கை. ரெண்டு மணிக்குள்ள
பேப்பர்காரனுக்குப் போகணும். அடி."

அடித்தேன்.
நம் ஊருக்கு வரவேண்டிய ரயில் பாதைக்கு
இந்த ஆண்டும் ஒதுக்கியது ஆயிரம் ரூபாய்.
"தொகை இன்னும் வெளிய வரலியே அண்ணே?"
"வேற எவ்ளோ வந்துடப் போவுது? ஆயிரம்தான். அடி.
ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கூடை ஜல்லி வருமா,
ஒரு தண்டவாள ஆணி வருமா...
ஆணிக்கப்புறம் ஆச்சரியக்குறி. ரெண்டு போடு."

இந்த வாக்கியம் என் விரலுக்குத் தெரியும்.
இவர் கட்சி அங்கே ஆண்டுகொண்டிருந்தபோது
இதே ஆணியை, இதே நாற்காலியில் இருந்து
சொல்லிப் போனவர் வில்வநாதன்.
அன்று மாலையே மறுப்பு அடிக்க வந்த இவர்
கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:
"ஆயிரம் என்பது தொகையல்ல, அடையாளம்.
திட்டம் உயிரோடு இருக்கிறது என்பதற்கான
நாடித் துடிப்பு."
நடுவில் 'த்' வருமா என்றும் கேட்டுக்கொண்டார்.

வில்வநாதன் இன்றைக்கு நாலு மணிக்கு வருவார்.
நாடித் துடிப்பைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரில் ஒரு வசதி உண்டு,
ஒரு சொல்லைக் கொடுத்தால்
எல்லா இடத்திலும் மாற்றித் தரும்.
கொள்ளை என்றால் சீர்திருத்தம்.
கடன் என்றால் முதலீடு.
ஒருமுறை அவசரத்தில்
'கடன்பட்ட விவசாயிகள்' எல்லாரும்
'முதலீடுபட்ட விவசாயிகள்' ஆகி
அப்படியே அச்சில் வந்தார்கள்.
அண்ணாகிராமத்திலிருந்து ஒருவர்கூட
போன் போட்டுக் கேட்கவில்லை.

நானும் யோக்கியம் இல்லை.
எனக்கும் ஒரு சின்னம் உண்டு. எது என்று சொல்ல மாட்டேன்.
அந்தப் பக்கத்து அறிக்கைக்கு மட்டும்
இரண்டு தடவை பிழை பார்ப்பேன்.
அடுத்த பக்கத்தாருக்கு ஒரு வருஷம்
'நிதியிலா அறிக்கை' என்று விழுந்தது
கை தவறி அல்ல.
அந்த வருஷம் டீசல் ஏறியபோது
முதுநகர் துறைமுகத்தில் படகு கட்டிக் கிடந்ததை
எல்லாரிடமும் சொல்லி ஆத்திரப்பட்டேன்.
பிறகும் ஏறியது. பிறகும் கட்டிக் கிடந்தது.
அப்போது எனக்குக் கடைவேலை அதிகம்.

அறிக்கை பன்னிரண்டு பிரதி.
டோனர் விலை ஏறியதைச் சொல்லி
நோட்டைத் திருப்பிக் காட்டினேன்:
உள்ளாட்சித் தேர்தல் நோட்டீஸிலிருந்து இதுவரை
பாக்கி பதினோராயிரத்து நானூறு.
(வில்வநாதன் பக்கத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
இந்த ஒன்றில் இரண்டு பேருக்கும் ஒரே கொள்கை.)

சட்டைப்பையிலிருந்து இரண்டு ஐந்நூறு.
"இப்போதைக்கு இத வச்சுக்கம்மா.
ஒரு டோக்கனா."

முகத்தைப் பார்த்தேன்.
ஒன்றுமே இல்லை.
சூடு ஆறாத தாள்களை ஊதிக்கொண்டே
படி இறங்கிப் போனார்.

ஆயிரம் மேஜைமேல் இருந்தது.
ஷமீனாவுக்கு டிசம்பர் பாக்கி, ஜனவரி பாக்கி.
முதுநகரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி
வந்து ஸ்கேன் எடுக்கிற பெண்.
வாடகைக்காரர் சாயங்காலம் வருவார்,
ஆகவே ஒரு நோட்டை எடுத்து டிராயரில் போட்டேன்.
இன்னொன்றை அவள் பக்கம் தள்ளி
"இது இப்போதைக்கு..." என்று தொடங்கிவிட்டு
திரையைப் பார்த்துக்கொண்டேன்,
அங்கே என்னமோ பிழை இருப்பதுபோல.

அவள் சிரிக்கவில்லை.
நோட்டை மடித்து
கைபேசி உறைக்குள் செருகிக்கொண்டாள்.
பிறகு வளையலை மேலே தள்ளிவிட்டு
மணிக்கட்டை என் முன்னால் நீட்டினாள்.

"நாடி பாருங்கக்கா.
உயிரோடதான் இருக்கேன்."

வாசலில் பைக் வந்து நின்றது.
மணி நாலாக இன்னும் நேரம் இருந்தது.